சென்னை மாநகராட்சித் தேர்தல் கட்டுரைகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியும், முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்ற செய்தியும் மகிழ்ச்சி தந்தன. திருச்சியில் நாங்கள் நலம். இன்னமும் விக்கிப்பீடியாவில்தான் பொழுது போகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அப்படித்தான் போகிறது. ஆனால் இப்போது கோயில்களையும் ஆறுகளையும் விட்டுவிட்டுச் சென்னை மாநகராட்சித் தேர்தல்களில் இறங்கியிருக்கிறேன். இதில் உங்கள் உதவி எனக்குத் தேவைப்படுவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் கட்டுரை எழுதப் பலர் வருவார்கள். வாக்கு எண்ணும் நாளில் அவர்களை ஒழுங்குபடுத்துவதே பெரும்பாடாகிவிடும். ஆனால் 1996-ஐயோ 1959-ஐயோ எழுத அன்று ஒருவரும் வரமாட்டார். ஆகவே அடுத்த தேர்தலுக்கான சட்டகத்தை இப்போதே அமைத்து, பழைய தேர்தல்களை அதே சட்டகத்தில் எழுதி முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். தேர்தல் சூட்டில் தொடங்கினால், அன்றைய பரபரப்புக்கு ஏற்ற வடிவம் மட்டுமே கிடைக்கும். முந்தைய தேர்தல்கள் அதில் பொருந்தாமல் போகும்.

ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கட்டுரை தொடங்கலாமே, மொத்தம் 200 தானே என்று நீங்கள் முன்பு சொன்னதை நினைத்துப் பார்த்தேன். மன்னியுங்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக்கட்டுரை பெறும் தகுதி, பற்றிய வழக்கமான வாதத்தை விட்டுவிடுகிறேன். அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. வார்டு எண் நிலைத்த ஒன்றன்று. 2011-இல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, பழைய நகரின் 155 வார்டுகள் 107-ஆகச் சுருக்கப்பட்டன; புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 ஒதுக்கப்பட்டன. ஆகவே 2006-இன் 100-ஆவது வார்டும் 2011-இன் 100-ஆவது வார்டும் பெயரளவில்தான் ஒன்று. 2022 தேர்தலுக்கு முன்பு எல்லைகள் மீண்டும் வரையப்பட்டன. இந்நிலையில் 'வார்டு 100' என்று ஒரு கட்டுரை தொடங்கி, அதில் மூன்று தேர்தல்களின் முடிவுகளை வரிசையாக அடுக்கினால், வாசகர் ஒரே இடத்து மக்கள் கட்சி மாறி வாக்களித்ததாக எண்ணிக்கொள்வார். உண்மையில் மாறியது மக்கள் மனமா, வரைபடமா என்று அந்த அட்டவணையிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. 'முந்தைய தேர்தலில் வென்ற கட்சி' என்ற நெடுவரிசையையும் இதே காரணத்தால் வார்ப்புருவிலிருந்து (பல கட்டுரைகளில் ஒரே மாதிரி பயன்படும் ஆயத்த வடிவம்) நீக்கிவிட்டேன். அது இருந்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொய் சொல்லும்.

ஆகவே ஒரு தேர்தலுக்கு ஒரு கட்டுரை. ஆண்டு முதலில், நகரம் அடுத்து, '2022 சென்னை மாநகராட்சித் தேர்தல்' என்பதுபோல. வார்டு முடிவுகள் அதற்குள்ளேயே மண்டலவாரியாகப் பதினைந்து அட்டவணைகளில், திருவொற்றியூரில் தொடங்கிச் சோழிங்கநல்லூரில் முடியும். வென்ற உறுப்பினர்கள் அட்டவணையில் ஒரு வரி பெறுவார்கள். தனிக்கட்டுரை பெரும்பாலோருக்குத் தேவையில்லை. மேயருக்குத் தேவை. ஆர். பிரியா 74-ஆவது வார்டிலிருந்து வென்று, தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயராகவும், அப்பதவிக்கு வந்த முதல் பட்டியலினப் பெண்ணாகவும் ஆனார். அப்படிப்பட்டவரை ஒரு வரியில் அடக்குவது முறையாகாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது தகவற்பெட்டிதான், அதாவது கட்டுரையின் ஓரத்தில் சுருக்கம் தரும் பெட்டி. சென்னையின் மேயர் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாகத் தேர்வானவர். 1933-இல் முத்தையா செட்டியார் முதல் மேயரானது முதல் 1973-இல் மாநகராட்சி கலைக்கப்படும்வரை, உறுப்பினர்கள்தாம் ஆண்டுதோறும் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலே இல்லை. 1996-இல் மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானார். 2001-இலும் நேரடித் தேர்தல்தான். 2006-இல் மா. சுப்பிரமணியனை மன்றம் தேர்ந்தெடுத்தது. 2011-இல் மறுபடி நேரடித் தேர்தல். சைதை துரைசாமி மா. சுப்பிரமணியனைத் தோற்கடித்தார். 2022-இல் பிப்ரவரி 19 அன்று வார்டுகளுக்கு வாக்குப்பதிவு, 22 அன்று எண்ணிக்கை, மேயர் தேர்வு மார்ச் 4 அன்று மாமன்றத்துக்குள். இவற்றையெல்லாம் இரண்டு படங்கள் எதிரெதிரே நிற்கும் ஒரே தகவற்பெட்டியில் அடைத்தால், 2022-இல் மக்கள் மேயர் வேட்பாளர் இருவரில் ஒருவருக்கு வாக்களித்ததாகத் தோன்றும். ஆகவே நேரடித் தேர்தல் ஆண்டுகளுக்கு ஒரு வடிவமும், மறைமுகத் தேர்தல் ஆண்டுகளுக்குக் கட்சிவாரி இடங்களை மட்டும் காட்டும் வேறொரு வடிவமும் செய்திருக்கிறேன். ஒரே வடிவம்தான் நேர்த்தி என்று விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் சிலர் வாதிட்டார்கள். நேர்த்தியைவிட நடந்தது முக்கியம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

கட்சிக் கணக்கும் எளிதன்று. 2022-இல் திமுக 153, அதிமுக 15, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் 4, விடுதலைச் சிறுத்தைகள் 4, மதிமுக 2, இந்தியக் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், பாஜக, அமமுக ஆகியவை தலா 1, சுயேச்சைகள் 5. திமுக 153 என்று ஒருவர் எழுதுவார், 178 என்று மற்றொருவர் கூட்டணிக் கணக்கை எழுதுவார், இரண்டும் சரியே. ஆனால் இருவரும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருப்பார்கள். எதிர்த்தரப்பில் இன்னொரு வழுக்கல் உண்டு: 2021 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவும் பாஜகவும் ஒரே அணியில் நின்றதால், அந்தக் கூட்டணி வார்ப்புருவையே அப்படியே ஒட்டிவிட்டுப் பதினாறு என்று கூட்டிவிடத் தோன்றும். ஆனால் 2022 உள்ளாட்சித் தேர்தலில் பாஜக தனித்துத்தான் நின்றது. சின்னமும் குழப்பும். 2019 மக்களவைத் தேர்தலில் ஈரோட்டில் மதிமுக வேட்பாளரும் விழுப்புரத்தில் விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளரும் உதயசூரியனில் நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்டவர்களை எந்தக் கட்சியில் எண்ணுவது என்பதற்கு, தேர்தல் ஆணையத்தின் பதிவைப் பின்பற்றிவிட்டு அடிக்குறிப்பில் விளக்கம் தருவதே பாதுகாப்பு. வென்றபின் கட்சி மாறுபவர்களுக்காக அட்டவணையைத் திருத்தக்கூடாது. அது மன்றத்தைப் பற்றிய தனிப்பக்கத்துக்கு உரிய செய்தி.

நடக்காத தேர்தலுக்குக் கட்டுரை வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல்களின் அறிவிப்பை அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 2022 வரை தனி அலுவலர்கள்தாம் நகரை நடத்தினார்கள். இந்த இடைவெளியைச் சொல்லாமல் 2011-இலிருந்து 2022-க்குத் தாவினால், பதினோரு ஆண்டுகள் ஏன் என்று வாசகருக்கு விளங்காது. 2022-இல் வாக்குப்பதிவு சென்னையில் ஏறக்குறைய 43.6 விழுக்காடு, மாநில அளவில் 60-ஐத் தாண்டியது என்ற செய்தியையும் அந்த இடைவெளியின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதவில்லை. சான்று இல்லாமல் அப்படி எழுத எனக்கும் ஆசைதான்.

சான்றுகளைப் பொறுத்தவரை, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தமிழிலேயே பெயர்ப்பட்டியல் கிடைக்கும்போது, ஆங்கிலக் கட்டுரையிலிருந்து பெயர்களை ஒலிபெயர்த்து எடுக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய பக்கங்கள் மறைந்துவிடுவதால், ஒவ்வொரு சான்றையும் எடுத்த அன்றே இணையக் காப்பகத்தில் சேமிக்கவும் சொல்லியிருக்கிறேன். எண்ணிக்கை நாளில் 'முன்னிலை' எண்களை ஏற்றக்கூடாது, அறிவிக்கப்பட்ட முடிவுகள் மட்டும். படங்களுக்கு இப்போதைக்கு ரிப்பன் மாளிகை போதும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. 1996-க்கு முந்தையவை இணையத்தில் ஏறக்குறைய இல்லை. நீங்களோ கன்னிமாரா நூலகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறீர்கள். 1959 தேர்தலிலிருந்து தொடங்கலாம். திமுக மாநகராட்சியைப் பிடித்து அ.பொ. அரசு மேயரான தேர்தல் அது. அண்ணா கலைஞருக்குக் கணையாழி அணிவித்த கதைதான் எல்லோருக்கும் தெரியும், எந்தப் பகுதியில் யார் வென்றார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அந்தக் கதை வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையிலேயே இருக்கட்டும். நமக்கு வேண்டியது முடிவுகளின் பட்டியல். தினமணி, சுதேசமித்திரன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்சி ஏடுகளைப் பார்த்தால், சுயேச்சைகளை அவை யார் கணக்கில் சேர்த்திருக்கின்றன என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். நாளிதழ் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் இல்லாத குறிப்பு எனக்குப் பயன்படாது. கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, புகைப்படம் எடுத்து அனுப்பினால் நானே தட்டச்சு செய்துகொள்கிறேன்.

முதல் வாரத்தில் பெயர்கள் வேண்டாம். கட்சிவாரி எண்ணிக்கையும், அன்றைய பகுதிகளின் பட்டியலும் மட்டும் கிடைத்தால், விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்க்கும் பக்கமான மணல்தொட்டியில் வரைவைத் தொடங்கிவிடுவேன். முழங்கால் இடம் கொடுக்கும் நாள்களில் மட்டும் போங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் திருச்சி நண்பன்