அக்குபஞ்சர்: ஊசிக்கு முன்னால் பேச வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்குபஞ்சர் சிகிச்சைக்கு முதன்முறையாகச் செல்லும் பலரும் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்தான்: ஊசி வலிக்குமா, எத்தனை நாளில் குணமாகும்? கழுத்து வலிக்காகச் சில ஆண்டுகளாக இச்சிகிச்சையை எடுத்துவருபவள் என்ற முறையில், அவ்விரண்டையும் விட முக்கியமானது வேறொன்று உண்டு என்று கருதுகிறேன். ஊசி உடலில் இறங்கும் முன் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய அனைத்தையும் சொல்லிவிடுவதே அது.

வலியைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. ரத்தம் எடுக்கும் ஊசி ஏறக்குறைய 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை தடிமன் உடையது. உள்ளே துளை இல்லாத அக்குபஞ்சர் ஊசியோ பெரும்பாலும் 0.16 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எறும்பு கடித்தது போன்ற ஒரு சுருக்கு. அதன் பிறகு ஊசி போட்ட புள்ளியைச் சுற்றி ஒரு கனமோ மரமரப்போ தோன்றலாம். சீன மருத்துவத்தில் இந்த உணர்வை 'தே சி' என்று அழைத்து, எதிர்பார்த்தே ஊசி போடுகிறார்கள். ஆனால் மின்சாரம் பாய்வது போலச் சுரீரென்று இழுக்கும் வலியோ எரிச்சலோ அதில் சேராது. அப்படித் தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும்.

என் முதல் நாள் அனுபவத்தை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். ரத்தப் பரிசோதனைக்குப் போவது போல வெறும் வயிற்றில் செல்ல வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, முந்தின இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் போயிருந்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் கழுத்திலும் கையிலும் ஊசிகள் போடப்பட்ட ஐந்தாவது நிமிடத்தில் காது அடைத்தது, உள்ளங்கை வியர்த்தது, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் மங்கத் தொடங்கியது. சிகிச்சை அளித்த அம்மையார் பதறாமல் முதலில் ஊசிகளை எல்லாம் எடுத்தார், பிறகு என்னைப் படுக்க வைத்து இரண்டு கால்களையும் உயர்த்தி வைத்தார். சில நிமிடங்களில் தெளிந்தேன். "சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா?" என்று அவர் அதற்குப் பிறகுதான் கேட்டார். அவர் முன்பே கேட்டிருக்க வேண்டும். நானும் சொல்லியிருக்க வேண்டும். ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் செல்வதும், முதல் முறை படுத்த நிலையிலேயே ஊசி போட்டுக்கொள்வதும் இத்தகைய மயக்கத்தைப் பெருமளவு தவிர்க்கும்.

அன்று முதல் நான் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உட்கொள்ளும் மருந்துகளும் அவற்றின் அளவும், இருக்கும் நோய்களும், முன்பு நடந்த அறுவை சிகிச்சைகளும் அதில் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள் அல்லது அதற்கு வாய்ப்புள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோர் கேட்கும் வரை காத்திருக்காமல் தாங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்களுக்கு ஊசியில் மின்தூண்டல் கொடுப்பது ஆபத்தாகலாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, ஊசியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சூட்டுச் சிகிச்சையால் புண் ஏற்பட்டாலும் உடனே தெரியாமல் போகலாம்.

கவனிக்க வேண்டியதும் உண்டு. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஊசி, உறை பிரிக்கப்படாத நிலையில் நம் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். சரியாகத் தூய்மை செய்யப்படாத ஊசியை மறுபடியும் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி போன்ற தொற்று பரவும் என்பதால், கூச்சப்படாமல் மறுத்துவிடலாம். நல்ல பயிற்சி பெற்றவர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பக்க விளைவுகள் பெரும்பாலும் சிறியவை. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கண்காணித்து 2009-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 8.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு பாதிப்பைக் கூறினர். அவற்றுள் அதிகம் இருந்தவை சிறு ரத்தக் கசிவும் கன்றிப் போவதும்தான். நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்த நிலை இருவருக்கு ஏற்பட்டது. இது மிக அரிது என்றாலும், தோள், மார்பு, மேல்முதுகுப் பகுதிகளில் ஊசி போட்ட பிறகு, சில மணி நேரம் கழித்தாயினும், மூச்சுத் திணறலோ மார்பு வலியோ வந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அக்குபஞ்சர் செய்துகொண்டதையும் அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குணமாவது பற்றி நேர்மையாகவே சொல்கிறேன். நாள்பட்ட முதுகு, கழுத்து, மூட்டு வலிகளிலும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதிலும் பலருக்கு இது உதவியிருக்கிறது. முதுகு வலி குறித்து 2007-இல் வெளியான இன்னொரு ஜெர்மன் ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகு அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்கும், அக்குபஞ்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில் ஒப்பீட்டுக்காக மேலோட்டமாக ஊசி போடப்பட்டவர்களில் 44.2 சதவீதத்தினருக்கும், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. முதல் இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளி சிறியது, அதாவது சரியான புள்ளியில் ஊசி போட்டதால் கிடைத்த கூடுதல் பயன் குறைவு என்பதை மறைப்பது, என்னைப் போல் பயன்பெற்றவர்களுக்கு அழகல்ல. ஆகவே ஒரே அமர்வில் எல்லாம் தீரும் என்று வாக்குக் கொடுப்பவர்களை நம்பக் கூடாது. ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகும் சிறிதும் மாற்றம் இல்லையெனில், தொடர்வதில் பொருள் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது என் அண்ணிக்கு நேர்ந்தது. 'மருந்தில்லா மருத்துவம்' என்ற சொல் அக்குபஞ்சருக்கு அடைமொழியாகவே ஆகிவிட்டது. ஊசியின் மூலம் மருந்து எதுவும் செலுத்தப்படுவதில்லை என்ற அளவில் அது சரிதான். ஆனால் அண்ணி சென்ற இடத்தில், இனி ரத்த அழுத்த மாத்திரையே வேண்டாம் என்று முதல் நாளே கூறிவிட்டார்கள். அவர் அதைத் தம் மருத்துவரிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் தலைச்சுற்றலோடு மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 200-ஐத் தொட்டிருந்தது. அவருடைய கைப்பையில் நான்கு மாத்திரைகள் மட்டும் எடுக்கப்பட்ட அட்டை அப்படியே இருந்தது. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். இன்சுலினையோ, வலிப்பு மாத்திரையையோ, ஸ்டீராய்டையோ இப்படித் திடீரென நிறுத்துபவர்களின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எனவே, தங்கள் நாளிதழில் அக்குபஞ்சர் குறித்த கட்டுரைகள் வரும்போதெல்லாம், ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளை, அவற்றை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி