பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மானிட்டருக்குள் மின்சாரம் இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களைத் தூக்கி எறியாமல் நாமே பழுதுபார்த்துக்கொள்வது பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி பற்றி அதில் சொல்லியிருப்பவை சரியானவை. ஆனால் பிக்சர் டியூப் வைத்த பழைய கணினி மானிட்டரைப் பற்றிப் பேசும் இடத்தில், பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பின்மூடியைப் பயமில்லாமல் திறக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. பெரம்பூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் டி.வி., மானிட்டர் மெக்கானிக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரி தவறு, ஆளைக் காயப்படுத்தக்கூடிய தவறு.

இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. அன்று காலை பத்து மணிக்கு என் பேரன் அதே கட்டுரையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, 2001-ல் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் நான் வாங்கிய 17 அங்குல மானிட்டரைப் பரணிலிருந்து இறக்கி, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தான். பழைய கணினி விளையாட்டுகள் இந்தத் திரையில்தான் சரியாகத் தெரியும் என்பது அவன் எண்ணம், அதில் தவறில்லை. சற்று முன்புதான் அவன் மானிட்டரை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறான். படம் வரவில்லை, திரையின் நடுவில் இடமிருந்து வலமாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் வந்திருக்கிறது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இனி ஆபத்தில்லை என்ற நம்பிக்கையில் நான்காவது திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வண்ண மானிட்டரின் பிக்சர் டியூப்புக்குச் சுமார் 25,000 வோல்ட் தேவைப்படுகிறது. எங்கள் தொழிலில் எல்.ஓ.டி. என்று சொல்லும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர்தான் அதை உண்டாக்கி, தடித்த சிவப்பு ஒயர் வழியாக டியூப்பின் பக்கவாட்டில் உள்ள ரப்பர் தொப்பிக்கு அனுப்புகிறது. டியூப்பின் கூம்புப் பகுதிக்கு உள்ளேயும் வெளியேயும் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கிறது. நடுவில் கண்ணாடி, இரு பக்கமும் பூச்சு என்றால் அதுவே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் ஆகிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் புதிதாக மின்சாரம் வருவதுதான் நிற்கும். ஏற்கெனவே தேங்கியிருப்பது போய்விடாது. சில மானிட்டர்களில் அது தானாக இறங்கிவிடும், சிலவற்றில் மணிக்கணக்கில், ஏன் நாள் கணக்கில்கூட நிற்கும். வெளியிலிருந்து பார்த்து எது எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது.

தேங்கிய அந்த மின்சாரம் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது அடிக்கும்போது உடல் நம் பேச்சைக் கேட்பதில்லை. தொண்ணூறுகளில் என்னிடம் வேலை கற்ற ஒரு பையன், மூடி கழற்றிய மானிட்டரை மேசையிலிருந்து மார்போடு அணைத்துத் தூக்கியபோது அவன் விரல் ரப்பர் தொப்பியின் ஓரத்துக்குள் போய்விட்டது. கை உதறிய வேகத்தில் முழங்கை சுவரில் மோதி எலும்பில் விரிசல் விட்டது. மானிட்டர் தரையில் விழுந்து டியூப்பின் கழுத்து ஒடிந்தது. உள்ளே வெற்றிடம் உள்ள கண்ணாடி அது. கழுத்தோடு போனதால் காற்று சீறிக்கொண்டு உள்ளே புகுந்ததோடு நின்றது, அகன்ற பகுதி உடைந்திருந்தால் சில்லுகள் அறை முழுவதும் தெறித்திருக்கும். தொப்பியைக் காட்டி முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து என் பட்டறைக்கு வந்த எவருக்கும் முதல் பாடம் அதுதான்.

பேரனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவன் பார்க்கும்படி டியூப்பை டிஸ்சார்ஜ் செய்தேன், அதாவது தேங்கிய மின்சாரத்தை இறக்கினேன். கைப்பிடி நன்றாக இன்சுலேட் ஆன, நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவரின் இரும்பில் ஒயரின் ஒரு முனையைக் கட்டி, மறு முனையை முதலை கிளிப்பால் டியூப்பின் முதுகில் ஓடும் பின்னல் எர்த் கம்பியில் மாட்ட வேண்டும். போர்டில் கண்ட இடத்தில் மாட்டக் கூடாது. பவர் சப்ளையின் ஒரு பகுதி நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்தது, அங்கே மாட்டினால் ஐ.சி. என்னும் சிப்புகளும் கெட்டுவிடும். பிறகு இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் தொப்பிக்கு அடியில் மெல்ல நுழைத்து உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொட வேண்டும். நான் தொட்டவுடன் படக்கென்று ஒரு சத்தமும் நீலப் பொறியும் வந்தன. பிளக்கைப் பிடுங்கி அப்போது இருபது நிமிடம் ஆகியிருந்தது. பேரனின் முகம் வெளுத்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டபோதும் லேசாக ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் மெல்ல மேலே வரும் என்பதால் இரண்டு, மூன்று முறை செய்துதான் தீர வேண்டும். இதைச் சாதாரண மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது 1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

இதோடு முடியவில்லை. பவர் சப்ளை பகுதியில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றினால் அதன் உச்சம் அவ்வளவு வரும். அதன் இரண்டு கால்களுக்கும் குறுக்கே 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இடுக்கியால் பிடித்துச் சில வினாடிகள் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே போர்டில் விரல் வைக்கலாம். டியூப்பின் அடியைவிட இந்த அடி கொடியது என்று நான் கருதுகிறேன்.

பழுது என்னவோ சிறியதுதான். ஒற்றைக் கிடைக்கோடு வந்தால் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிக்கல் பகுதி வேலை செய்யவில்லை என்று பொருள். அந்தப் பகுதியின் ஐ.சி., சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டில் திருகப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடேறிக் குளிர்ந்து அதன் கால்களைச் சுற்றிப் பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும். போர்டைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இரண்டு கால்களைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல் மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தது. மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பது இதைத்தான். தலையில் தட்டினால் படம் வருகிறது என்று மக்கள் சொல்லும் பழைய டி.வி.க்கள் பலவற்றுக்கும் இதுவே காரணம். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். படம் விரிந்தது, ஆனால் மேலே ஒன்றரை அங்குலம் துணி மடிந்தாற்போல் மடிந்து நின்றது. ஹீட் சிங்க்கை ஒட்டியிருந்த 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துபோயிருந்தது. ரிச்சி தெருவில் சில ரூபாய்க்கு அது கிடைத்தது. பிளஸ், மைனஸ் பார்த்து மாற்றியதும் படம் முழுதாக நின்றது.

ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்க்கும்போதும் சீரிஸ் பல்பு வழியாகத்தான் மின்சாரம் கொடுத்தேன். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டினால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து மானிட்டரைக் காப்பாற்றும். ஷார்ட் இல்லையென்றால் ஒருமுறை மின்னிவிட்டு மங்கும். திரையில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கும் டீகாஸ் காயிலின் பிளக்கை முதலில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மானிட்டரிலும் பல்பு எரிந்து நம்மைக் குழப்பும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஓடும் மானிட்டரில் கை வைத்தால் சீரிஸ் பல்பு நம்மைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையின் ஈரக்காற்றில் ரப்பர் தொப்பியைச் சுற்றிச் சீறும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, டிஸ்சார்ஜ் செய்து, துடைத்துக் காயவைத்த பிறகே மறுபடி ஓட்ட வேண்டும்.

டியூப்பே தேய்ந்துபோய், அரை மணி நேரம் ஓடியும் படம் மங்கலாகவே இருந்தால் பழுதுபார்க்க எதுவும் இல்லை. அப்போதும் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக அதை உடைக்க வேண்டாம். கூம்புக் கண்ணாடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் முழுதாகவே ஒப்படைக்கலாம்.

வீட்டில் பழுதுபார்ப்பதைத் தாங்கள் ஊக்குவிப்பது தொடர வேண்டும் என்றே விரும்புகிறேன். என்னிடம் கற்றவர்களில் பலர் இப்படித் தங்கள் வீட்டுப் பொருளைத் திறந்து பார்த்துத்தான் தொழிலுக்கு வந்தார்கள். ஆகவே, அந்த ஒரு வரியைத் திருத்தி, அதே இணைப்பிதழில், அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்குவதற்குள் அது வந்துவிட வேண்டும். பரணில் மானிட்டர் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நான்கு இருக்கின்றன. நான்கிலும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டி.வி. மெக்கானிக்,
பெரம்பூர், சென்னை.