பல் செட் புதிதாகக் கட்டியிருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பல் மருத்துவர் எடுத்தனுப்பிய அளவைக் கொண்டு எங்கள் ஆய்வகத்தில் செய்த பல் செட், இந்த மடல் வைத்த பெட்டியில் உங்களிடம் வந்திருக்கிறது. அதை வாயில் பொருத்திக் கடியைச் சரிபார்ப்பது மருத்துவரின் பணி. என்றாலும், நல்ல முறையில் செய்யப்பட்ட செட்டுகள்கூடச் சில வாரங்களிலேயே பீரோவுக்குள் போய்விடுவதை நாங்கள் தொடர்ந்து பார்த்து வருகிறோம். முதல் மாதத்தில் என்னென்ன சிரமங்கள் வரும், அவற்றில் எவை தாமாகத் தீரும், எவற்றுக்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால், அவற்றில் பலவும் இன்றும் வாயில் இருந்திருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறோம். பெரும்பாலும் முழு செட்டை மனத்தில் வைத்தே எழுதியிருந்தாலும், கழற்றி மாட்டும் பகுதி செட்டுக்கும் இதில் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும்.

முதல் சில நாள்களில் எச்சில் நிறைய ஊறும். வாய் நிறைந்து போனது போலவும், நாக்குக்கு இடமில்லாதது போலவும் தோன்றும். சிலருக்குக் குமட்டலும் வரும். வாய்க்குள் வந்த புதிய பொருளை உணவென்று எடுத்துக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகள் வேலை செய்வதால் நேர்வது இது. துப்பிக்கொண்டே இராமல் விழுங்கி வந்தால், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். குமட்டும்போது மூக்கால் மெதுவாக மூச்சுவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். இரண்டு வாரம் கழித்தும் குமட்டல் நீடித்தால், மேல் செட்டின் பின்விளிம்பு தொண்டைப் பக்கம் நீண்டிருக்கலாம். மருத்துவர் அதைச் சற்றே குறைத்தால் போதும்.

மேல் செட் நன்றாக நிற்கிறது, கீழ் செட்தான் ஆடுகிறது என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிப் படிகிறது. செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய எச்சில் படலம் அதைப் பிடித்துவைக்கிறது. கீழ் செட்டுக்குக் கிடைக்கும் பரப்போ ஏறக்குறைய அதில் பாதிதான். போதாததற்கு, நாக்கு அசையும்போதெல்லாம் அதைத் தள்ளுகிறது. ஆகவே கீழ் செட்டை நிறுத்துவதில் உங்கள் கன்னத் தசைக்கும் நாக்குக்கும் பங்குண்டு. அவை அதைக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். சும்மா இருக்கும்போது நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் பின்புறம் லேசாகத் தொட்டபடி வைத்துப் பழகினால் செட் எழும்பாது.

சாப்பாட்டு விஷயத்தில் அவசரம் வேண்டாம். முழு செட் கட்டியவர் கடிக்கும் விசை, இயற்கைப் பற்களின் விசையில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். முதல் வாரத்தில் சாம்பாரில் ஊறிய இட்லி, இடியாப்பம், குழைய வடித்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை, பப்பாளி ஆகியவை போதும். பிறகு சப்பாத்தி, தோசை, வெந்த காய்கறி என்று படிப்படியாகப் போகலாம். எதையும் சிறு துண்டாக்கி, வாயின் இரண்டு பக்கத்திலும் சமமாகப் போட்டு மெல்லுங்கள். ஒரே பக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்கித் தூக்கியே ஈறு புண்ணாகும். கொய்யா, ஆப்பிள் முதலியவற்றை முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது, கத்தியால் நறுக்கித்தான் உண்ண வேண்டும். கரும்பு, சீடை, கமர்கட் மூன்றையும் விட்டுவிடுவது நல்லது என்பதே எங்கள் கருத்து. முறுக்கைப் பாலிலோ காபியிலோ ஊறவைத்துச் சாப்பிடுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் மிக முக்கியமானவை. மேல் செட் அண்ணத்தை மூடியிருப்பதால் வாயில் சூடு சரிவரத் தெரியாது. காபியோ ரசமோ எவ்வளவு கொதிக்கிறது என்பது தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும். அதே காரணத்தால் மீன் முள்ளும் வாயில் தட்டுப்படாமல் உள்ளே போய்விடக்கூடும். ஆகவே மீனைத் தட்டிலேயே விரலால் பிசைந்து, முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டு உண்ணுங்கள். முதல் நாள்களில் ருசி மட்டுப்பட்டது போல் இருந்தாலும் உப்பைக் கூட்டிவிடாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ருசியை அறிவதில் பெரும்பங்கு நாக்குக்கே உரியது, அது திரும்பிவிடும். எள், ரவை, தக்காளி விதை போன்றவை செட்டின் அடியில் புகுந்து உறுத்துவது சகஜம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் செட்டைக் கழற்றி, அதையும் வாயையும் கொப்பளித்துக் கழுவினால் போதும்.

பேச்சு சற்றுக் குழறும். த, ந ஆகிய ஒலிகளுக்கு நாக்கின் நுனி மேற்பல்லைத் தொட வேண்டும். அந்தப் பல்லின் இடமும் கனமும் மாறியிருப்பதால் நாக்கு தடுமாறுகிறது. காலையில் செய்தித்தாளைக் கால் மணி நேரம் உரக்க வாசியுங்கள். பல வாரங்கள் ஆகியும் பேசும்போது பல்லோடு பல் ‘டக் டக்’கென்று மோதினால் குறை உங்களுடையது அன்று, கடியின் உயரம் கூடியிருக்கலாம், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புண் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் செட்டைக் கைவிடுவது இங்கேதான். புதிய செட் ஓரிரு இடங்களில் ஈற்றை அழுத்திப் புண்ணாக்குவது மிகச் சாதாரணம். அந்த இடத்தைக் கண்டுபிடித்து மயிரிழை அளவு தேய்த்துவிட்டால் வலி போய்விடும். இதற்காக இரண்டு மூன்று முறை மருத்துவரிடம் போக வேண்டிவரலாம். வலி தாங்காமல் செட்டைப் பல நாள் கழற்றி வைத்திருந்துவிட்டுப் போனால், அதற்குள் புண் ஆறியிருக்கும். எங்கே தேய்ப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே வலியால் கழற்றியிருந்தாலும், மருத்துவரிடம் போவதற்கு முதல் நாள் சில மணி நேரம் போட்டுக்கொண்டு, வாயில் செட்டோடு போங்கள். பிளேடாலோ உப்புத்தாளாலோ வீட்டில் தேய்க்க வேண்டாம். தேய்த்ததை மீண்டும் சேர்க்க முடியாது. செட் உடைந்தால் உடனடிப் பசையால் ஒட்டாமல், எல்லாத் துண்டுகளையும் அப்படியே மருத்துவரிடம் கொடுத்தனுப்புங்கள். பசை படாத துண்டுகளைத்தான் எங்களால் சரியாகப் பொருத்த முடிகிறது.

செட் அக்ரிலிக்கால் ஆனது. பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் எளிதில் கீறல் விழும். பல்பொடி, உமிக்கரி, உப்பு இவற்றால் தேய்த்தால் அது பளிச்சிடுவது போல் தோன்றும். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, அவற்றில் அழுக்கும் பூஞ்சையும் தங்கும். சாதாரணப் பற்பசைகூடச் செட்டுக்குச் சற்று முரடுதான். மென்மையான பிரஷ்ஷில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, நன்றாக அலசினாலே போதும். வெளியே தெரியும் பல்லைவிட ஈறு படியும் உள்பக்கத்தைத்தான் அதிகம் தேய்க்க வேண்டும். கீழே பாதி நீர் நிரப்பிய பேசினையோ மடித்த துண்டையோ வைத்துக்கொள்ளுங்கள். சோப்பில் வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்த செட்டுகளே எங்களிடம் பழுதுக்கு மிகுதியாக வருகின்றன. கொதிநீரில் போட்டால் செட் வளைந்துவிடும். பகுதி செட்டில் உலோகம் இருந்தால் பிளீச்சிங் திரவம் அதை அரித்துவிடும். சுத்தம் செய்யும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துச் செட்டை ஊறவைக்கலாம். மாத்திரையை ஒருபோதும் வாயில் போடக் கூடாது, ஊறவைத்த செட்டை நன்கு அலசாமலும் மாட்டக் கூடாது. செட்டைக் கழுவும்போதே ஈறு, அண்ணம், நாக்கு ஆகியவற்றையும் ஈரமான மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

பொருத்திய முதல் இரவு அப்படியே தூங்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் தவிர, இரவில் செட்டைக் கழற்றிவிடுங்கள். பகலெல்லாம் அழுத்தப்பட்ட ஈற்றுக்கு ஓய்வு வேண்டும். இரவும் பகலும் செட்டோடு இருப்பவர்களின் அண்ணம் சிவந்து போவதற்குக் கேண்டிடா என்ற பூஞ்சை பெரிதும் காரணம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும், பெரும்பாலும் வலியும் இராது. ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வில், செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. இதைப் படித்த பிறகு, கழற்றாமல் தூங்குகிறோம் என்று சொல்கிறவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்ளும் முதல் காரியம் இதுதான். கழற்றிய செட்டை மூடியுள்ள டப்பாவில், தண்ணீரில் மூழ்க வையுங்கள், காயவிட்டால் அதன் வடிவம் மாறக்கூடும். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

பல் இல்லாத தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும். பல் எடுத்த முதல் ஆண்டில் தேய்மானம் மிக வேகமாக இருக்கும். நெடுங்கால அளவில் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது. செட் மாறவில்லை, அதன் அடியிலுள்ள தளம் மாறிவிட்டது; அதனால்தான் ஆண்டுகள் போகப் போக அது தளர்கிறது. செட் ஒட்டும் பசையைக் கடலையளவு தடவிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால் தேவைப்படுவது பசை அன்று, செட்டின் உள்பக்கத்துக்குப் புதிய அக்ரிலிக் அடுக்கு. அதை மருத்துவர் அளவெடுத்து அனுப்பினால் நாங்கள் செய்து தருவோம். ஆண்டுக்கு ஒரு முறை வாயைக் காட்டுங்கள். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் புதிய செட் தேவைப்படலாம்.

வெற்றிலை பாக்கு போடும் பழக்கமுள்ளவர்கள் மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் விட முடியாது. செட்டில் கறை படிவது சிறிய விஷயம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. செட் உராய்ந்து வந்த புண் என்று நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்றாக இருக்கலாம். செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவானாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படுக்கையில் இருப்பவரின் செட்டை யாராவது நாள்தோறும் கழற்றிக் கழுவியாக வேண்டும். தம்மால் முடியாததை அவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் செட் இருப்பதை மருத்துவமனையில் சொல்லுங்கள். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றி வைக்காதீர்கள், குப்பையோடு போய்விடும். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ செட் மாறிப் போகாமல் இருக்க, அக்ரிலிக்குக்குள்ளேயே பெயரைப் பதித்துக் கொடுக்கிறோம். மருத்துவர் அனுப்பும் சீட்டில் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று குறித்து அனுப்பினால் போதும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பல் செட் ஆய்வகத்தார்