‘யோசியாதேங்கோ’ என்பது மருந்தாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நெஞ்சு படபடக்கிறது என்பவருக்கும், வெளிநாட்டிலுள்ள பிள்ளை இரண்டு நாளாகக் கதைக்கவில்லை என்று கலங்குபவருக்கும், சோதனைப் பெறுபேறு வரும்வரை சாப்பிட மறுக்கும் மாணவிக்கும் யாழ்ப்பாணத்தில் நாம் சொல்லும் ஆறுதல் ஒன்றே: ‘ஒண்டும் யோசியாதேங்கோ.’ எங்கள் பேச்சில் யோசிப்பது என்றால் சிந்திப்பது மட்டுமன்று, கவலைப்படுவதும் அதுவே. எண்ணமும் அச்சமும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சொல்லைக்கொண்டு நாம் கூறும் அறிவுரைதான் பிழையானது என்பதை என் தமக்கையாருக்கு நேர்ந்ததிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

கடந்த மாதம் எங்கள் ஊர்க் கோயில் தேரன்று, வடம் பிடிக்கும் நேரத்தில் வெடி கொளுத்தினார்கள். எழுபது வயதைத் தாண்டிய தமக்கையார் அர்ச்சனைத் தட்டைப் போட்டுவிட்டு வீதி மணலில் குப்புறப் படுத்துவிட்டார். தேங்காய் உருண்டுபோய்த் தேர்ச்சில்லுக்கு அருகில் நின்றது. போர் முடிந்த 2009 இற்குப் பின்னர் பிறந்த என் பேரனோ அதே சத்தத்திற்குக் கைதட்டிக்கொண்டிருந்தான். எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டியபோது அவரே சிரித்தார்: ‘படுத்த பிறகுதான் அது வெடியெண்டு விளங்கினது.’

அவர் சொன்னது மிகச் சரியானது. ஷெல் புறப்படும் சத்தத்திற்கும் வந்து விழும் சத்தத்திற்கும் இடையிலுள்ள சில விநாடிகளில் நிலத்தோடு நிலமாகப் படுக்கப் பழகிய உடல், அந்தப் பழக்கத்தை மனத்திடம் கேட்டுச் செய்வதில்லை. மூளையில் வாதுமைப் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு, ஒலி இன்னதென்று நாம் உணர்ந்து முடிப்பதற்குள்ளேயே செய்தி எட்டிவிடுகிறது. நாம் நடுங்குவதால்தான் அஞ்சுகிறோம், அஞ்சுவதால் நடுங்குவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884 இல் எழுதியபோது அது பலருக்குத் தலைகீழாகத் தோன்றியது. நமக்கு அது அவ்வளவு புதிதாக இருக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகவே, அதாவது மெய்யில் தோன்றுவதாகவே, வைத்தது. அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (ஆள்பவர்) என அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கையும் சொன்னது. நான்காவதை இந்த மண்ணில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வீதியில் வந்த அச்சம் சிரிப்போடு போயிற்று. அன்றிரவு வந்தது வேறு. இரண்டு மணிக்கு விழித்தவருக்கு நெஞ்சு வேகமாக அடித்திருக்கிறது. ‘நிண்டிடுமோ’ என்ற எண்ணம் வந்திருக்கிறது. அந்த எண்ணத்தால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்க, அதுவே எண்ணத்திற்குச் சாட்சியாகிவிட்டது. இரண்டு வாரத்தில் மூன்று முறை ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம். மூன்று முறையும் ஈசிஜி சரியாகவே இருந்தது. மூன்று முறையும், துண்டை எழுதியபடியே, நிமிர்ந்து பாராமல் சொல்லப்பட்டது: ‘ஒண்டுமில்லை, யோசியாதேங்கோ.’ நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவின் சிரமம் எனக்குத் தெரியும். ஆயினும் உடலின் சாதாரண மாற்றத்தை ஆபத்தாகப் பொருள்கொள்வதே பதற்றத்தைப் பெருக்குகிறது என்று டேவிட் கிளார்க் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1986 இலேயே விளக்கியிருக்கிறார். அதைத் தமிழில் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

யோசிக்காதே என்ற கட்டளை பலிப்பதுமில்லை. 1987 இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. வெள்ளைக் கரடிக்கே இந்தப் பாடு என்றால், போர்க்காலத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்து எழும்பியவரின் நினைவுகளை என்ன சொல்வது?

இறுதியில் ஒரு மனநல கிளினிக்கில்தான் வழி பிறந்தது. இதயத்தில் நோயில்லை என்பதை உறுதிசெய்த வைத்தியர், தமக்கையாரைப் படிகளில் இருமுறை ஏறி இறங்கச் செய்து, ‘இப்பவும் நெஞ்சு அடிக்குது, நிண்டிட்டுதோ?’ என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒரு கொப்பியில் எண்ணத்தையும் நடந்ததையும் எழுதிவரச் சொன்னார். அதில் ஒரு பதிவு: ‘2.10. நிண்டிடும் எண்டு நினைச்சன். நிக்கேல்லை. தண்ணி குடிச்சன்.’ யோசிக்காமல் இருக்கச் சொல்லாமல், யோசித்ததைப் பார்க்கச் சொன்னதே வித்தியாசம். நெஞ்சு நோவை அலட்சியம் செய்யுங்கள் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் இதயத்தைப் பரிசோதிப்பதுதான் முறை.

‘விசர்’ (பைத்தியம்) என்ற பட்டத்திற்குப் பயந்தே பலர் இந்த உதவியை நாடுவதில்லை. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலச் சேவை இருப்பதையும், 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தையும் தங்கள் பத்திரிகை வாராவாரம் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிட வேண்டும். ‘திடீர் மாரடைப்பு’ச் செய்திகளுக்குத் தரும் இடத்தில் காற்பங்கு அதற்குப் போதும்.

தமக்கையாரின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். ‘பேரைப் போடாதை, தேங்காயை விட்டிடாதை’ என்றார்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
வடமராட்சி.