முதலில் நித்திரை

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் புவனா,

நாங்கள் நலம். உம்முடைய கடிதம் கிடைத்தது. இடது கீழ் இமை விட்டுவிட்டுத் துடிப்பதாக எழுதியதை வாசித்ததிலிருந்து அதே யோசனைதான். பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று மாமி சொன்னால் சொல்லட்டும். நீர் பாரிசவாதம் வரப்போகிறதென்று பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

கண்ணைச் சுற்றி, இமையை மூடுகிற தசை ஒன்று வளையமாக இருக்கிறது. அதில் ஒரு சில நார்கள் தம்பாட்டில் துடிப்பதுதான் இது. உமக்கு இமையே குதிப்பது போல இருக்கும். முன்னால் நிற்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. கண்ணாடியில் கிட்டப் போய்ப் பாரும், தோலுக்குக் கீழே மெல்லிய நெளிவு ஒன்று ஓடும், அவ்வளவுதான்.

காரணமும் உம்முடைய கடிதத்திலேயே இருக்கிறது. நடுச்சாமம் வரை தவணை விடைத்தாள், கண் சொருகாமலிருக்கக் கோப்பி, படுத்த பிறகும் போன். நித்திரைக் குறைவும் மன உளைச்சலும் கோப்பியும் காய்ந்த கண்ணும் சேர்ந்தால் இமை துடிக்காமல் என்ன செய்யும்? சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை அளவில் சிமிட்டுகிற கண், போனைப் பார்க்கும்போது பாதியளவுகூடச் சிமிட்டாது. கண் காய்வது அதனால்தான்.

ஆகவே முதலில் நித்திரை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பின்னேரத்துக்குப் பிறகு கோப்பியும் சாயம் கூடின தேத்தண்ணியும் வேண்டாம். 20 நிமிடத்துக்கொரு தரம் தாளை வைத்துவிட்டு, 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாரும். வெள்ளவத்தையில் உம்முடைய பல்கனியில் கடலே தெரிகிறதே! இரவில் சுத்தமான பருத்தித் துணியை இளஞ்சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து, சூட்டை மணிக்கட்டில் பார்த்துவிட்டு, மூடிய கண்மேல் ஐந்து, பத்து நிமிடம் வையும். கண் உறுத்தினால் கண்ணீருக்குப் பதிலாக விடுகிற சொட்டுமருந்து போதும். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீரொய்ட் கலந்த மருந்தை மட்டும் தொடவேண்டாம், அது கண் அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

ஒரு விஷயத்தில் அசட்டை வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவுக்கு இமையோடு தொடங்கி, பிறகு அதே பக்கக் கன்னமும் வாயும் சேர்ந்து இழுத்தது. அது வேறு வருத்தம்; முகநரம்பை இரத்தக்குழாய் ஒன்று அழுத்துவதால் வருவது. இப்போது சில மாதத்துக்கொரு முறை, இழுக்கிற தசையைத் தளர்த்துகிற போட்டொக்ஸ் ஊசி போடுகிறார், நல்ல சுகம். உமக்கும் துடிப்பு சில வாரம் தாண்டினால், கண் தானாக இறுக மூடினால், இமை தொங்கினால், கண் சிவந்து வீங்கினால், உடனே கண் டொக்டரிடம் போய்விடும்.

இங்கே நல்லூர் கொடியேறிவிட்டது. பெரியவளும் லீவில் வந்து நிற்கிறாள். தேருக்கு வருவதென்றால் முன்கூட்டியே சொல்லும், கடைசி நேரத்தில் யாழ்தேவி ரயிலில் சீட் கிடைக்காது. விடைத்தாள் கட்டைக் கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
மலர்