லஸ் பக்கத்து சந்துல ஒரு சேலைக் கடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருபது வருஷமா உங்க பேப்பர் படிக்கிறேன், லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவை.

போன மாசம் அம்மாவோட எழுபதாவது பிறந்தநாளுக்கு சேலை எடுக்க மயிலாப்பூர் போயிருந்தேன். லஸ்ல மெட்ரோ வேலைக்காக ரோட்ட மாத்தி விட்டிருக்காங்க இல்லையா, ஆட்டோ சுத்தி சுத்தி போய் ஒரு இடத்துல அப்படியே நின்னுடுச்சு, சரி நடந்துடலாம்னு இறங்கி ஒரு சந்துக்குள்ள திரும்பினா, திண்ணை வச்ச பழைய வீடு, வாசல்ல கொடி கட்டி நாலே நாலு சேலை தொங்குது. செங்கல் கலர்ல ஒரு கண்டாங்கி, அதான் செட்டிநாட்டு காட்டன் சேலை, வெயில்ல பளிச்சுனு இருந்துச்சு, கால் தானா உள்ள போயிடுச்சு.

பொட்டிக்னு சொன்னா ஏசி, கண்ணாடி, தொட்டா விலைன்னு ஒரு பயம் எனக்கு உண்டு. இங்க பாய் விரிச்சு உட்கார வச்சாங்க. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், மொத்தமே ரெண்டு பீரோ சேலைதான், ஆனா ஒவ்வொண்ணும் எந்த ஊர்ல யார் தறியில நெய்ததுன்னு அவங்களுக்குத் தெரியுது. என்கிட்ட எதையும் தள்ளிவிடப் பார்க்கல. "மெதுவா பாரும்மா, எடுக்கலன்னாலும் பரவால்ல"ன்னுட்டு ஒரு காஞ்சி காட்டன எடுத்து மடியில போட்டாங்க.

சேலையோட உடம்பையும் கரையையும் கோர்த்து நெய்யுற கோர்வைன்னா என்னன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. உடம்புக்கு ஒரு நாடா (தறியில குறுக்கு நூல ஓட்டுற கட்டை), ரெண்டு கரைக்கும் தனித்தனியா ரெண்டு நாடா, அதுக்குத்தான் பெரும்பாலும் தறியில பக்கத்துல இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவ எடுத்துக் குடுக்கணும், அப்படி நெய்தாதான் உடம்பு நூல் கரைக்குள்ள ஓடாம கரை நல்ல அழுத்தமான கலர்ல நிக்கும். இல்லன்னா உடம்பு கலரும் கலந்து கரை கொஞ்சம் மங்கி தெரியும். சேலைய திருப்பிப் போட்டு உடம்பும் கரையும் சேர்ற இடத்த விரலால தடவிப் பாக்கச் சொன்னாங்க. அப்புறம் முடிச்சு பிரிக்காத ஒரு சுங்குடி காட்டினாங்க, மதுரையில சௌராஷ்டிரா வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் துணிய கிள்ளி நூல் சுத்தி கட்டி, அப்புறம் சாயம் ஏத்துறது. ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா படபடன்னு அவிழுது, ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இல்ல!

எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரிய கடையில கைத்தறி சுங்குடின்னு சொல்லி குடுத்தத நம்பி வாங்கினேன், அது வெறும் பிரிண்ட்னு இப்பதான் தெரியுது. மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர் சரக்குன்னு அரசாங்கம் தர்ற பதிவு, குடுத்தாச்சு, கண்டாங்கிக்கு 2019ல. சேலை, வேட்டி, துண்டு, ஜமுக்காளம்னு 11 வகையில குறிப்பிட்ட ரகங்கள கைத்தறியில மட்டும்தான் நெய்யணும்னு 1985லயே சட்டம் இருக்கு. இவ்வளவு இருந்தும் வாங்குற நமக்கு வித்தியாசம் தெரியலன்னா நெய்யுறவங்களுக்கு என்ன கிடைக்கும்? அதைச் சொல்லித்தர நேரம் இருக்கிறது இந்த மாதிரி சின்ன கடைகள்ல மட்டும்தான், அவங்களுக்கோ ரோட்ட மாத்தினதுல இருந்து பாதி நாள் போணியே ஆகறதில்லையாம்.

ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினம், 2015ல முதல் தடவையா அத நம்ம சென்னையில வச்சுதான் ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு பேப்பர் முழுக்க தள்ளுபடி விளம்பரமா வருது. அதுல அரைப் பக்கம் ஒதுக்கி, கோர்வைய எப்படிப் பாக்கணும், கட்டின சுங்குடிக்கும் பிரிண்டுக்கும் என்ன வித்தியாசம், கைத்தறி முத்திரை எங்க இருக்கும்னு போட்டோவோட போடுங்க. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் சந்துகள்ல இருக்கிற இந்த மாதிரி கடைகளுக்கு ஒரு நிருபர அனுப்பி வாரம் ஒண்ணு எழுதுங்க. ஒரு கடைய மட்டும் சொன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும்னுதான் பேர் எழுதல, நீங்க கேட்டா விலாசம் தர்றேன். மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் மூடியிருப்பாங்க, சாயங்காலமா போகச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அம்பத்தூர்