பழைய இராணுவ லொறியின் எயார் பிறேக் தொகுதி: முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மா,

வணக்கம். தொலைபேசியில் உங்கள் ஆட்களுடன் இனிக் கதைக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் உங்களிடம் வாங்கிய எயார் பிறேக் (காற்றழுத்தத்தில் வேலை செய்யும் பிறேக்) தொகுதியைப் பற்றிப் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

என்னிடம் இருப்பது ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லொறி. நாலு சில்லும் இழுக்கும் வண்டி, மணலிலும் புதையாது. 5,000 லீற்றர் தாங்கி பூட்டி, கோடையில் யாழ்ப்பாணத்துத் தீவுகளான தீவகத்துக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிறேன். போன ஆவணியில் பண்ணைப் பாலத்துக்கு முன்னால் பிறேக் பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டது. உப்புக்காற்றில் அரித்திருந்த ஒரு குழாய் வெடித்து ஒயில் முழுக்க ஊற்றுப்பட்டிருந்தது. ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய காலத்து ஒற்றைச் சுற்று ஹைட்ரோலிக் பிறேக். ஒரு குழாய் போனால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. ஐந்து தொன் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, கியரைக் குறைத்து, கை பிறேக்கை இழுத்து ஒருவாறு நிறுத்தினேன். இரண்டு பக்கமும் கடல். முன்னால் ஒரு பள்ளிக்கூட வான் நின்றிருந்தால் என்ற நினைப்பு வந்தால் இப்போதும் நித்திரை வருவதில்லை.

அதற்குப் பிறகுதான் எயார் பிறேக்குக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். காற்றுப் போனாலும் ஸ்பிரிங் தானாகப் பின் சில்லைப் பிடிக்கும் என்பதே எனக்கு வேண்டியிருந்தது. இது பெடலுக்கு உதவும் பூஸ்டரை மட்டும் மாற்றுகிற வேலை அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சில்லுச் சிலிண்டர்களைக் கழற்றி, காற்றழுத்தத்தால் தள்ளும் சேம்பர், பிறேக் கட்டையை டிரம்மோடு அழுத்தும் எஸ் காம் தண்டு, இரண்டையும் இணைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர் எல்லாம் புதிதாக உட்கார வேண்டும். அச்சின் அளவு, டிரம்மின் அளவு, படங்கள் எல்லாவற்றையும் உங்கள் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "எல்லாம் ஒரே பெட்டியில் வரும், போல்டைப் பூட்டினால் சரி" என்றார்கள். 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாவையும் ஒரே தடவையில் வங்கியில் கட்டினேன்.

பெட்டி வந்தது. எஸ் காம் தண்டில் 10 பல். ஸ்லாக் அட்ஜஸ்டரில் 28 பல். ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் போகும்? லொறி பழையது என்று சாட்டுச் சொல்ல இதில் இடமில்லை. இரண்டும் உங்கள் பெட்டிக்குள் இருந்தவை. காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல்) இறங்கினால் அலற வேண்டிய எச்சரிக்கைச் சுவிட்ச் பெட்டியில் இல்லவே இல்லை. சரி, அதை விடுங்கள், அது கடையில் வாங்கலாம்.

பின் அச்சுக்கு ஒரு பக்கம் 30ஆம் அளவுச் சேம்பர், மற்றப் பக்கம் அதைவிடச் சிறிய 24ஆம் அளவுச் சேம்பர் அனுப்பியிருக்கிறீர்கள். 100 பி.எஸ்.ஐ. காற்றில் ஒன்று 3,000 இறாத்தல் தள்ளும், மற்றது 2,400. ஒரே அச்சில் 600 இறாத்தல் வித்தியாசம்! பெடலை மிதித்ததும் லொறி ஒரு பக்கம் இழுக்கும். பண்ணை வீதியில் அந்தப் பக்கம் கடல்தான்.

இதைச் சொல்லத்தான் உங்கள் சேவை இலக்கத்துக்கு எடுத்தேன். ஒன்பதாவது தடவை கிடைத்த தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, லோட் போட்டா சரியா வரும், சமாளியுங்கோ." இல்லைத் தம்பி, இது பிறேக் என்றேன். "அப்பிடியெண்டா ஸ்பிரிங் பக்கத்துக் கிளாம்பைக் கழட்டி உள்ளுக்கை மாத்திப் பாருங்கோ. உந்தப் பழைய லொறிக்கு ஏன் உந்தப் பாடு, இரும்புக்குக் குடுங்கோவன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இரும்புக்குக் கொடு என்றதைக்கூட மன்னிப்பேன். சேம்பரை மூடிப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்று என்றதை மன்னிக்க மாட்டேன். பின் சில்லைப் பிடிக்கச் சேம்பருக்குள்ளே அமுக்கி வைத்திருக்கும் அந்த ஸ்பிரிங் பாய்ந்தால் ஆள் செத்துப்போவான். கழற்றக் கூடாது என்று சேம்பரின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. எங்கள் கராஜ் அண்ணைக்கு அது தெரியும். அவரிடம் வேலை பழகும் பதினெட்டு வயதுப் பெடியன் அந்தப் போனைக் கேட்டு ஸ்பானரை எடுத்திருந்தால் யார் பொறுப்பு? உங்கள் பொருளை விற்கிறவருக்கு அதன் ஆபத்துத் தெரியாமல் இருக்குமா?

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. சமாளிக்க எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. பிறேக்கில் மட்டும் சமாளிப்பு என்று ஒன்று கிடையாது.

கொழும்புக்கு வந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அது இந்தப் போனுக்கு முந்தியது. 24 சேம்பரைக் கொண்டு வந்தால் கையோடு மாற்றித் தருவோம் என்றார்கள். வியாழக்கிழமை போயா விடுமுறை ஆயிற்றே என்று நானே கேட்டேன். "ஸ்டோர்ஸ் திறந்திருக்கும், வாங்கோ" என்றார் உங்கள் விற்பனைப் பிரிவுப் பெண். சேம்பரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்தேன். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். ஷட்டர் பூட்டு. உங்கள் காவலாளி ஒரு கதிரை போட்டு, பிளேன்ரீ வாங்கித் தந்தார். உங்கள் நிறுவனத்தில் என்னை மனிதனாக மதித்தவர் அவர் ஒருவர்தான். வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் வேறெங்காவது பார்க்கலாம் என்று போனால் அங்கும் பூட்டு. அதே சாக்கோடு அன்றிரவே திரும்பினேன்.

76 நாளாக லொறி கராஜில் நிற்கிறது. ரயர்கள் வெயிலில் வெடிக்கின்றன. தண்ணீர் ஒப்பந்தம் வேறொருவரிடம் போய்விட்டது. 20 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத நட்டம். இருபது வருடத்தில் நான் தேடிய நல்ல பெயரும் போய்விட்டது. கிணறு உவர்த்துப்போன வீடுகளிலிருந்து "எப்ப வருவியள்" என்று இன்றும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. காற்றை அமுக்கும் கொம்பிரசரும் காலால் மிதிக்கும் வால்வும் நல்ல சாமான், அதை மறைக்க மாட்டேன். இன்னுமொரு 30 சேம்பர், 10 பல் ஸ்லாக் அட்ஜஸ்டர் நாலு, எச்சரிக்கைச் சுவிட்ச், இவ்வளவையும் 14 நாளுக்குள் உங்கள் செலவில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கள். கொழும்புக்கு வந்து போன செலவையும் தாருங்கள். அந்தத் தம்பியை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்பிரிங் பிறேக் பற்றி அவருக்கு ஒழுங்காகப் படிப்பித்துவிட்டு அந்தக் கதிரையில் இருத்துங்கள்.

14 நாள் கடந்தால் பற்றுச்சீட்டு, படங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு சட்டத்தரணி. தயவுசெய்து அந்த இடத்துக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

இங்ஙனம்,
லொறி உரிமையாளர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.

பி.கு.: 24 சேம்பர் அதே சாக்கில் சுற்றியபடி கராஜ் மேசைக்குக் கீழே இருக்கிறது. கிளாம்பில் ஒருவரும் கை வைக்கவில்லை. எடுத்துப்போக வருகிறவர் அதற்கு முந்தின நாளே போன் எடுக்க வேண்டும்.